வெள்ளமும் வதந்தியும்

நியூ ஆர்லியன்ஸ் நகரின் தாழ்வான பகுதிகளில் பழங்குடும்பத்தார் பலர், கூரைக்கு அடியிலுள்ள பரணில் ஒரு கோடரியை வைத்திருப்பது வழக்கம். விறகு பிளக்க அன்று. 1965ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் இரவில் ‘பெட்ஸி’ என்னும் புயல் வந்து, கரைகள் உடைந்து, ‘கீழ் ஒன்பதாம் வட்டம்’ எனப்படும் ஏழை மக்கள் வாழும் பகுதி நீரில் மூழ்கிற்று. மக்கள் தரைத்தளத்திலிருந்து மேலேறினர். அங்கும் நீர் வரவே பரணுக்குள் புகுந்தனர். அதற்கு மேல் ஏறுவதற்கு வழியில்லை. கூரையைப் பிளக்கக் கருவியின்றி அங்கேயே மூழ்கி இறந்தவர்கள் உண்டு. அதன் பின்னர்தான் தந்தை மகனுக்குச் சொல்லும் குடும்ப அறிவுரையாக அந்தக் கோடரி நிலைத்தது.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2005 ஆகஸ்ட் 29 திங்கட்கிழமை காலை, ‘கத்ரினா’ என்னும் சூறாவளி மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் லூயிசியானா மாநிலக் கரையைத் தாக்கியபோது, அந்தக் கோடரிகளுக்கு வேலை வந்தது. கோடரி இருந்தவர்கள் கூரையைப் பிளந்து வெளியே வந்தார்கள். ஓட்டின்மீது குடும்பத்தோடு அமர்ந்து, படுக்கை விரிப்பை ஆட்டி ஆட்டி, வானில் பறக்கும் ஹெலிகாப்டர்களை அழைத்தார்கள். உலகமெங்கும் செய்தித்தாள்களில் வெளிவந்த காட்சி அது.

அந்த நகரின் அமைப்பே விபரீதமானது. வடக்கே பாண்ட்சர்ட்ரெய்ன் ஏரி, தெற்கே மிசிசிப்பி ஆறு. இடையில் கிண்ணம்போல் குழிந்த நிலம். பாதி நகரம் கடல்மட்டத்திற்கும் கீழே. சூறாவளியின் மையம் நகருக்குச் சற்றுக் கிழக்கே கடந்துவிட்டதால், பெரும் ஆபத்து நீங்கிற்று என்றே திங்கட்கிழமை நண்பகலில் பலர் பெருமூச்சு விட்டனர். அதற்குள் 17ஆம் தெருக் கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய், தொழிற்கால்வாய் ஆகியவற்றின் சுவர்கள் உடைந்து நீர் நகருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நகரின் ஐந்தில் நான்கு பங்கு மூழ்கிற்று. அச்சுவர்களைக் கட்டியது அமெரிக்க இராணுவப் பொறியியற் படை. அவற்றின் அமைப்பிலேயே குறையிருந்ததை 2006ஆம் ஆண்டில் அப்படையே ஒப்புக்கொண்டது. ஆகவே அந்த வெள்ளம் முழுவதையும் இயற்கையின் கணக்கில் எழுதிவிட இயலாது.

‘ஏன் முன்கூட்டியே வெளியேறவில்லை?’ என்று அந்நாளில் பலரும் வினவினர். வசதியுள்ளோர் வினவிய வினா அது. கட்டாயமாக வெளியேற வேண்டும் என்ற ஆணையை மேயர் ரே நேகின் பிறப்பித்தது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். சூறாவளி கரை தொட ஒருநாள்கூட இல்லை. நகரையும் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் தம் கார்களில் ஏறிச் சென்றுவிட்டனர். ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர் நகரிலேயே தங்கினர். 2000ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நகரில் நான்கில் ஒரு வீட்டுக்கும் மேலாக வாகனம் என்பதே இல்லை. மக்களில் நூற்றுக்கு 28 பேர் வறுமைக்கோட்டின் கீழ் வாழ்ந்தனர். மூன்றில் இரு பங்கினர் கறுப்பின மக்கள். போதாக்குறைக்கு அது மாதக்கடைசி. சம்பளமும் உதவித்தொகையும் முதல் தேதிக்குத்தான் வரும். மாதக்கடைசி என்பதன் பொருளை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெட்ரோலுக்கும் விடுதி வாடகைக்கும் பணமில்லாதவர், நடக்க முடியாத தாயை விட்டுப் போக மனமில்லாதவர், முந்தைய புயல்களில் ஒன்றும் ஆகவில்லையே என்று எண்ணிய முதியவர் ஆகியோரே பெரும்பாலும் எஞ்சியவர்கள். அவர்களை ஏற்றிச் சென்றிருக்கக்கூடிய பள்ளிப் பேருந்துகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக நின்றபடியே நீரில் மூழ்கின.

வேறு புகலிடம் இல்லாதவர்களுக்குக் ‘கடைசிப் புகலிடம்’ என்று நகராட்சி திறந்துவைத்தது சூப்பர்டோம் என்னும் விளையாட்டரங்கத்தை. ஞாயிறு இரவு ஏறத்தாழ 10,000 பேர் அங்கிருந்தனர். பின்னர் வெள்ளத்திலிருந்து மீட்கப்பட்டவர்களும் வந்து சேர, தொகை 25,000க்கும் மேல் பெருகிற்று. காற்று கூரையின் ஒரு பகுதியைப் பிய்த்தது. மின்சாரம் நின்றது, மங்கலான அவசர விளக்குகள் மட்டும் எரிந்தன. நீர்க்குழாய்கள் செயலிழக்கவே கழிப்பறைகள் நிரம்பி வழிந்தன. ஆகஸ்ட் மாத வெப்பம், மூச்சுமுட்டும் நாற்றம், அழும் குழந்தைகள். ஆயினும் அங்கே தேசியக் காவற்படையினர் இருந்தனர். பொட்டல உணவும் குடிநீரும் அளவோடேனும் கிடைத்தன.

மாநாட்டு மண்டபத்தில் அதுவும் இல்லை. சூப்பர்டோமில் இடமில்லாதவர்களும் படகுகளில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களும் ஆற்றங்கரையிலுள்ள அந்த மண்டபத்தில் சுமார் 20,000 பேர் கூடினர். அது புகலிடமாகத் திட்டமிடப்பட்டதே இல்லை. ஆகவே உணவோ நீரோ மருந்தோ எவரும் அங்கே சேமித்து வைக்கவில்லை. செவ்வாய், புதன், வியாழன் என நாட்கள் கழிந்தன. மத்திய அரசின் நெருக்கடிகால நிர்வாகத் துறையின் தலைவர் மைக்கேல் பிரவுன், அம்மண்டபத்தில் மக்கள் இருப்பதே தமக்கு வியாழனன்றுதான் தெரியும் என்று தொலைக்காட்சியில் கூறினார். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த உலக மக்களுக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 91 வயது மூதாட்டி ஒருவர் மண்டபத்தின் வெளியே சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே உயிர்நீத்தார். மகன் தாயின் உடலை மூடி, சுவரோரமாக ஒதுக்கி வைப்பதன்றி வேறொன்றும் செய்ய இயலவில்லை. பேருந்து வந்தபோது, தாயை விட்டுவிட்டு ஏறும்படி நேர்ந்தது அவருக்கு.

கடைகள் பூட்டியிருந்தன, கடைக்காரர்கள் ஊரில் இல்லை. கையில் காசிருந்தவனும் வாங்குவதற்கு ஆளில்லை. குழந்தைக்குப் பாலும் அணையாடையும், நீரிழிவுக்காரருக்கு இன்சுலினும், எல்லாருக்கும் குடிநீரும் அக்கதவுகளுக்குப் பின்னே இருந்தன. மூன்றாம் நாள் ஒரு தந்தை என்ன செய்வான்? கதவுகள் உடைந்தன. மாநாட்டு மண்டபத்தில் இருந்தவர்கள் பிற்காலத்தில் கூறிய வரலாறுகளில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது: பார்த்தால் அச்சந்தரும் தோற்றமுடைய இளைஞர்கள் கடைகளுக்குள் புகுந்து, நீரையும் பழச்சாற்றையும் எடுத்து வந்து, முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் முதலில் பங்கிட்டார்கள் என்பதே அது.

இவர்களுக்குச் செய்தித்தாள்கள் இட்ட பெயர் ஆங்கிலத்தில் ‘லூட்டர்’, கொள்ளையர். அந்தச் சொல்லுக்கே ஒரு வரலாறு உண்டு. ‘லூட்’ என்பது ஹிந்துஸ்தானத்துச் சொல். 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்கள் இந்நாட்டில் என்ன செய்தார்களோ, அதற்குரிய பெயரையும் இங்கிருந்தே எடுத்துச் சென்றார்கள். அரண்மனைகளையும் கருவூலங்களையும் வாரியவர்களால் ஆங்கிலத்தில் குடியேறிய அச்சொல், 2005இல் ஒரு பொட்டலம் ரொட்டியோடு மார்பளவு நீரில் நடந்தவன்மீது ஒட்டப்பட்டது.

ஆகஸ்ட் 30ஆம் நாள் வெளிவந்த இரு நிழற்படங்கள் பெரும் வாதத்தைக் கிளப்பின. ஒன்றில் கறுப்பின இளைஞர் ஒருவர் உணவுப் பொருளோடு நீரில் செல்கிறார். கடையைக் கொள்ளையிட்டு வருகிறார் என்றது படக்குறிப்பு. மற்றொன்றில் வெள்ளைத் தோலுடைய இருவர் அதே கோலத்தில் செல்கின்றனர். கடையிலிருந்து ரொட்டியும் பானமும் ‘கண்டெடுத்து’ வருகிறார்கள் என்றது குறிப்பு. இரண்டும் வெவ்வேறு செய்தி நிறுவனங்களின் படங்கள். இரண்டாம் படத்தை எடுத்தவர், பொருள்கள் கடையிலிருந்து மிதந்து வந்ததைத் தாம் பார்த்ததாகச் சொன்னார். அது உண்மையாகவே இருக்கலாம். ஒருவரைத் தனித்துக் குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று. ஆனால் அந்த வாரத்தின் செய்திகள் அனைத்தையும் சேர்த்துப் படிப்பவர்க்கு, யார் எடுத்தால் எந்தச் சொல் என்பது ஐயமின்றிப் புலனாகும்.

மெய்யான கொள்ளையே நடக்கவில்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. தொலைக்காட்சிப் பெட்டிகள், நகைகள், துப்பாக்கிகள் களவு போயின. போலீஸாரில் இருநூறுக்கும் மேற்பட்டோர் பணியிடத்தை விட்டு மறைந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் 51 பேர் பதவி நீக்கப்பட்டனர். கார் விற்பனை நிலையத்திலிருந்து விலையுயர்ந்த வண்டிகளைப் போலீஸார் சிலரே எடுத்துச் சென்றதும் விசாரணைக்கு வந்தது. 1989 செப்டம்பரில் ‘ஹ்யூகோ’ சூறாவளிக்குப்பின் அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட செயின்ட் குரோய் தீவில் கடைகள் பெருமளவில் சூறையாடப்பட்டு, படைகளை அனுப்ப நேர்ந்ததும் மறுக்க முடியாத வரலாறு. பேரிடர்களை ஐம்பது ஆண்டுகளாக ஆராய்ந்த சமூகவியலார் குவாரன்டெல்லி அதனை விதிவிலக்காகவே கொண்டார். இடர் வந்தால் மனிதர் விலங்காகிவிடுவர் என்பது பொதுவான நம்பிக்கை. பெரும்பாலும் அவர்கள் ஒருவர்க்கொருவர் உதவுகிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. அவரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கத்ரினாவுக்குப்பின் நியூ ஆர்லியன்ஸ் சென்றபோது, தங்களைத் தாங்களே ‘ராபின் ஹூட் கொள்ளையர்’ என்று அழைத்துக்கொண்ட நண்பர் குழுவொன்றைப் பற்றி அறிந்தனர். தங்கள் குடும்பத்தாரை அனுப்பிவிட்டு, கிடைத்த படகுகளை எடுத்துக்கொண்டு, ஆளற்ற வீடுகளிலிருந்து உணவும் நீரும் திரட்டி, அண்டை வீட்டாரை மீட்டவர்கள் அவர்கள்.

கொள்ளையைக் காட்டிலும் கொடிதாயிருந்தது வதந்தி. குழந்தைகளை அரங்கத்தில் மானபங்கம் செய்கின்றனர், பிணங்கள் குவிந்து கிடக்கின்றன, ஆயுதம் தாங்கிய நூற்றுக்கணக்கான கயவர்கள் கொன்று திரிகின்றனர் என்றெல்லாம் தேசமே பார்க்கும் தொலைக்காட்சியில் சொன்னவர்கள் தெருவில் போவோர் அல்லர். நகரின் போலீஸ் தலைவர் எடி காம்பஸும் மேயர் நேகினுமே. தகவல் தொடர்பு அறுந்த ஊரில் கேட்டதையெல்லாம் அவர்களும் நம்பினர் என்று கொள்ள வேண்டும். (இந்த மேயர்தாம் பின்னர் ஒப்பந்தக்காரர்களிடம் கையூட்டுப் பெற்ற குற்றத்திற்காக 2014இல் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.) செப்டம்பர் 26ஆம் நாள் அந்நகரின் ‘டைம்ஸ்-பிக்காயூன்’ நாளேடு உண்மையைத் தேடிப் பார்த்து எழுதியது. சூப்பர்டோமில் 200 பிணங்கள் இருக்குமென்று குளிரூட்டப்பட்ட பெரிய லாரியுடன் சென்ற மருத்துவர் கண்டது ஆறே உடல்கள்: நால்வர் நோயாலும் முதுமையாலும் இறந்தவர்கள், ஒருவர் அளவுமீறிய போதைமருந்தால், ஒருவர் தற்கொலையால். மாநாட்டு மண்டபத்தில் கிடைத்தவை நான்கு. அவற்றுள் ஒன்றே கொலை எனக் கருதப்பட்டது. மறுநாள் போலீஸ் தலைவர் பதவி விலகினார்.

ஆனால் அதற்குள் வதந்தி தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. கூரைகளின்மேல் இன்னும் மக்கள் காத்திருந்த ஆகஸ்ட் 31 புதனன்று, மீட்புப்பணியை விட்டுவிட்டுக் கொள்ளையைத் தடுக்கச் செல்லுமாறு 1,500 போலீஸாருக்கு ஆணை பிறந்தது. செஞ்சிலுவைச் சங்கம் நகருக்குள் வர வேண்டாமென்று மாநில அதிகாரிகள் சொல்லிவிட்டனர். ஆளுநர் கேத்லீன் பிளாங்கோ, ஈராக்கிலிருந்து திரும்பிய படைவீரர்கள் தோட்டா நிரப்பிய துப்பாக்கிகளோடு வந்துள்ளனர், சுடவும் தயங்கார் என்று எச்சரித்தார். எவரை? தண்ணீர் கேட்டு நின்றவர்களை! படைத்தலைவர் ரஸ்ஸல் ஆனரே லூயிசியானா மண்ணில் பிறந்தவர். வெள்ளியன்று வீதியில் நின்ற வீரர்களைப் பார்த்து, துப்பாக்கியைத் தாழ்த்துங்கள் என்று அவர் உரக்கக் கட்டளையிட்டது இன்றும் அந்நகர மக்களால் நன்றியோடு நினைக்கப்படுகிறது. அன்றுதான் மாநாட்டு மண்டபத்துக்கு முதன்முதலாக உணவும் நீரும் சென்றன.

செப்டம்பர் 1ஆம் நாள், ஆற்றின் மறுகரைக்குச் செல்லும் பாலத்தின்மீது குடும்பங்கள் நடந்து சென்றன. நீர் புகாத ஊர் அங்கே கண்ணுக்குத் தெரிந்தது. கிரெட்னா என்னும் அச்சிற்றூரின் போலீஸார், துப்பாக்கி ஏந்தி வழிமறித்தனர். தலைக்கு மேலாகச் சுட்டு, வந்தவர்களைத் திருப்பியனுப்பினர். அந்த ஊராட்சி மன்றம் போலீஸாரின் செயலைப் பாராட்டித் தீர்மானமும் நிறைவேற்றியது.

டான்சிகர் பாலத்தில் நடந்தது அதனினும் கொடிது. செப்டம்பர் 4 ஞாயிறு. வீடு மூழ்கியதால் விடுதியொன்றில் ஒதுங்கியிருந்த ஒரு குடும்பத்தார், உணவும் மருந்தும் தேடி அங்காடியை நோக்கிப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தனர். போலீஸாரை யாரோ சுடுகிறார்கள் என்று வானொலியில் கேட்டு ஒரு வண்டி நிறையப் போலீஸார் வந்திறங்கி, கேள்வியின்றிச் சுட்டனர். அக்குடும்பத்தோடு வந்த 17 வயது இளைஞன் மாண்டான். குடும்பத்தலைவி ஒரு கையை இழந்தார். பாலத்தின் மறுபக்கத்தில், தமையனோடு சென்ற 40 வயதுடைய மனவளர்ச்சி குன்றிய ஒருவர் முதுகில் சுடப்பட்டு இறந்தார். நால்வர் காயமுற்றனர். எவரிடமும் ஆயுதம் இல்லை. அதன் பிறகு தொடங்கியது பொய்ப்புனைவு: சான்றாகக் காட்ட ஒரு துப்பாக்கி வைக்கப்பட்டது, இல்லாத சாட்சிகள் உண்டாக்கப்பட்டனர், தம்பியை இழந்த தமையன்மீதே, போலீஸாரைக் கொல்ல முயன்றதாக எட்டுக் குற்றங்கள் சாட்டப்பட்டு மூன்று வாரம் சிறையில் வைக்கப்பட்டார். 2011இல் ஐந்து போலீஸார் குற்றவாளிகள் என நடுவர் குழு தீர்ப்பளித்தது. அரசு வழக்கறிஞர்களின் முறைகேட்டைக் காரணங்காட்டி 2013இல் அது தள்ளுபடியாயிற்று. 2016இல் ஐவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு 3 முதல் 12 ஆண்டுவரை தண்டனை பெற்றனர். பதினோராண்டு அக்குடும்பங்கள் நீதிமன்றப் படியேறின.

வெள்ளம் வடியுமுன்னே நகரில் முதலில் சீராக இயங்கத் தொடங்கிய அரசு நிறுவனங்களுள் ஒன்று எது தெரியுமா? சிறைச்சாலை. பேருந்து நிலையத்தின் பின்புறத்தில் சில நாட்களில் கம்பிவலைக் கூண்டுகள் எழுந்தன. ஸிரியாவிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் ஒருவர், சாயமடிக்கும் ஒப்பந்தத் தொழில் செய்பவர், தம் சிறு படகில் சென்று அண்டை அயலாரை மீட்டவர். தமக்குச் சொந்தமான வீட்டிலேயே செப்டம்பர் 6ஆம் நாள் கைது செய்யப்பட்டு, கொள்ளைக் குற்றஞ்சாட்டப்பட்டு அக்கூண்டில் அடைக்கப்பட்டார். பயங்கரவாதி என்று காவலர்கள் ஏசியதாகவும், வீட்டாருடன் தொலைபேசியில் பேசவும் விடவில்லை என்றும் அவர் பின்னர் கூறினார். வேறு மாநிலத்தில் ஒதுங்கியிருந்த மனைவியும் மக்களும் அவர் இறந்தார் என்றே பல நாள் எண்ணியிருந்தனர். 23 நாட்களுக்குப்பின் வெளிவந்தார்.

ஆற்றின் மேற்கரையில் நீர் புகாத அல்ஜியர்ஸ் என்னும் பகுதி உண்டு. அங்கே ஒரு மூலையில் வெள்ளையர் சிலர் துப்பாக்கிகளோடு தெருவை மறித்து, அவ்வழியே புகலிடம் தேடிச் சென்ற கறுப்பின இளைஞர்களைச் சுட்டனர். அவர்களுள் ஒருவருக்கு 2019இல்தான் 10 ஆண்டுத் தண்டனை கிடைத்தது. அதே அல்ஜியர்ஸில், மாலிக் ரஹீம் என்பவர் நண்பர்களோடு சேர்ந்து, கையிலிருந்த 50 டாலரைக்கொண்டு ‘பொது நிலம்’ என்று பொருள்படும் பெயரில் ஓர் உதவிக் குழுவைத் தொடங்கினார். செப்டம்பர் 9ஆம் நாள், ‘மஸ்ஜித் பிலால்’ என்னும் சிறு பள்ளிவாசலில் அவர்களுடைய மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. வெளியூர்களிலிருந்து வந்த தொண்டர்கள் சைக்கிளில் தெருத்தெருவாகச் சென்று கதவைத் தட்டி, ‘இரத்த அழுத்த மருந்து இருக்கிறதா? இன்சுலின் இருக்கிறதா?’ என்று விசாரித்தனர். துப்பாக்கி இல்லாமல் கதவைத் தட்டிய முதல் அந்நியர்கள் அவர்களே என்பதால், சில வீடுகளில் திறக்கவே தயங்கினார்களாம். இன, சமய வேறுபாடு பாராது எல்லாருக்கும் அங்கே மருந்திட்டனர். பின்னர் நெடுங்காலம் நிலைத்த ஒரு மருத்துவமனையின் தொடக்கம் அந்தத் தொழுகைக்கூடம்தான்.

இறந்தோர் தொகை 1,833 என்று நெடுநாள் எழுதப்பட்டு வந்தது. 2023இல் அமெரிக்கச் சூறாவளி மையம் அதனை 1,392 எனத் திருத்திற்று. லூயிசியானாவில் இறந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். கயவர் கைப்பட்டு மாண்டவர்கள் மிகச் சிலர். நீராலும், வெப்பத்தாலும், மருந்தின்மையாலும், வராத உதவிக்குக் காத்திருந்தும் மாண்டவர்களே மிகப் பலர்.

உயிர் பிழைத்தவர்களுக்கும் சோதனை தீரவில்லை. பேருந்துகள் வந்தபோது எந்த ஊருக்குப் போகிறோம் என்பதே ஏறியவர்களுக்குத் தெரியாது. ஹெலிகாப்டரில் குழந்தைகளை முதலில் ஏற்றி, தாயை அடுத்த முறைக்கு நிறுத்தினார்கள். அடுத்த ஹெலிகாப்டர் வேறு திசைக்குப் போயிற்று. தகப்பன் ஹூஸ்டனில், தாய் வேறொரு மாநிலத்தில், பிள்ளை யாரோ அயலார் மடியில் என்றவாறு குடும்பங்கள் சிதறின. அரங்கங்களில் தாள்களில் பெயரெழுதிச் சுவரில் ஒட்டித் தேடினார்கள். காணாமற்போன குழந்தைகளுக்கான தேசிய மையத்தின் பதிவேட்டில், பெற்றோரைப் பிரிந்தும் தேடப்பட்டும் இருந்த பிள்ளைகள் 5,192 பேர். ஒவ்வொரு பெயராகக் கோடிட்டு அடித்துக்கொண்டே வந்தனர். கடைசியாக அடிக்கப்பட்ட பெயர் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியினுடையது. 2006 மார்ச்சில், வெள்ளம் வந்து ஏழாம் மாதத்தில், ஹூஸ்டன் நகரில் அவள் தன் தாயிடம் சேர்ந்தாள்.